மாணவர் கிளர்ச்சியும் பொதுப் போக்குவரத்தும்: விவாதத்துக்கு ஒரு பாடம்

கல்லூரிகளில் நடைபெறும் சொற்போட்டிகளில் ஆண்டுதோறும் தவறாமல் இடம்பெறும் தலைப்புகள் சில உண்டு. "வன்முறைக்குக் காரணம் மாணவரா, சமுதாயமா?", "பொதுப் போக்குவரத்து தொண்டா, வணிகமா?" என்பன அவற்றுள் இரண்டு. முன்னது ஒழுக்கம் பற்றியது என்றும், பின்னது பொருளாதாரம் பற்றியது என்றும் பிரித்து வைத்தே இவை விவாதிக்கப்படுகின்றன. ஆயின், நம் நாட்டின் அனுபவத்தில் இவ்விரு பொருள்களும் ஓரிடத்தில் சந்திக்கின்றன. அவ்விடம் பேருந்தின் படிக்கட்டேயாகும். பெரும்பாலான மாணவர்கள் அரசின் ஒரு பணியை நாள்தோறும் நேரில் சந்திப்பது அங்குதான். கிளர்ச்சி மூளும்போது முதற்கல் விழுவதும் பெரும்பாலும் அங்குதான்.

ஆகவே, இவ்விரண்டையும் இணைத்து ஆராய்வது பயனுடையதாகும். எது நடந்தது, ஏன் நடந்தது, இழப்பு யாரைச் சார்ந்தது, எதனால் அது தவிர்க்கப்பட்டிருக்கலாம் என்னும் நான்கு வினாக்களுக்கும் விடை காண முயலும் விவாதமே ஒரு சமுதாயச் சிக்கலைத் தெளிவுபடுத்த வல்லது.

ஒரு பைசாவின் வரலாறு

1953ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் கல்கத்தா நகரில் நிகழ்ந்த டிராம் கட்டணக் கிளர்ச்சி இத்துறையில் முதலில் நினைக்கத்தக்கது. அந்நகரின் டிராம் வண்டிகளை அப்போது ஆங்கிலேயர் உடைமையாயிருந்த ஒரு நிறுவனம் நடத்தி வந்தது. ஜூலை 1 முதல் இரண்டாம் வகுப்புக் கட்டணம் ஒரு பைசா உயர்த்தப்பட்டது. ஒரு ரூபாய்க்கு 64 பைசா என்றிருந்த காலம் அது. ஒரு பைசா என்பது மிகச் சிறு தொகையே. எனினும், நாளொன்றுக்கு இருமுறை பயணம் செய்த எழுத்தருக்கும் தொழிலாளிக்கும் மாணவருக்கும் அது மாதக் கணக்கில் உணரத்தக்க சுமையாக இருந்தது. நாட்டுப் பிரிவினையால் வீடிழந்து வந்த ஏராளமான மக்களும் அந்நாளில் அந்நகரில் வாழ்ந்து வந்தனர்.

இக்கிளர்ச்சியின் போக்கு கூர்ந்து நோக்கத்தக்கது. தொடக்கத்தில் பயணிகள் பழைய கட்டணத்தையே நீட்டினர். உயர்ந்த கட்டணத்தைக் கொடுக்க மறுத்தனர். பின்னர் டிராம்களில் ஏறுவதையே தவிர்த்தனர். கைதுகள் பெருகிய பின்னரே கல்லெறிதலும் வண்டிகளுக்குத் தீ வைத்தலும் தொடர்ந்தன. பொது வேலைநிறுத்தமும், தடியடியும், துப்பாக்கிச் சூடும் நிகழ்ந்தன. மாத முடிவிற்குள் கட்டண உயர்வு நிறுத்தி வைக்கப்பட்டது. கல்கத்தா டிராம் நிறுவனத்தின் நிர்வாகத்தை 1967இல் மாநில அரசு மேற்கொண்டது. 1976இல் அந்நிறுவனம் அரசுடைமையாயிற்று.

இந்நிகழ்ச்சியைக் கொண்டு இரு தரப்பாரும் வாதாடலாம். வன்முறையால்தான் கட்டணம் குறைந்தது என்று ஒருவர் கூறலாம். நகரம் முழுவதும் ஒன்றுபட்டு உயர்ந்த கட்டணத்தைக் கொடுக்க மறுத்ததே வெற்றிக்கு அடிப்படை என்றும், தீவைப்பு துப்பாக்கிச் சூட்டையே கொணர்ந்தது என்றும் மற்றவர் கூறலாம். நிகழ்ச்சிகளின் வரிசை இரண்டாம் கருத்துக்கே வலிமை சேர்க்கிறது. ஒரு நாட்டின் ஆவணங்களில் தேதிகளின் வரிசையை அறிந்து பேசுவோருக்கும், முடிவை மட்டும் அறிந்து பேசுவோருக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

ஒரணாவும் விடுதிக் கட்டணமும்

ஐந்தாண்டுகளுக்குப் பின்னர், 1958இல், கேரளத்தில் இத்தகைய கிளர்ச்சியொன்று எழுந்தது. ஆலப்புழையைச் சூழ்ந்த குட்டநாட்டுப் பகுதியில் சாலைகள் குறைவு. ஆறுகளும் காயல்களும் கால்வாய்களுமே வழிகள். மாணவர்கள் படகேறியே பள்ளிக்கும் கல்லூரிக்கும் சென்றனர். படகுப் போக்குவரத்தை அரசு மேற்கொண்ட பின்னர், மாணவர்க்குரிய ஒரணாச் சலுகைக் கட்டணம் பத்துப் பைசாவாக உயர்த்தப்பட்டது. இதனை எதிர்த்து எழுந்த போராட்டம் 'ஒரணாச் சமரம்' என்றே வரலாற்றில் பெயர் பெற்றது. இறுதியில் பழைய சலுகை மீண்டும் வழங்கப்பட்டது. தனியார் நிறுவனத்தை எதிர்த்த கல்கத்தாக் கிளர்ச்சியைப் போலன்றி, இது மக்கள் தேர்ந்தெடுத்த அரசு நடத்திய பணியை எதிர்த்து எழுந்ததாகும். உடைமை மாறுவதால் மட்டும் பயணியின் குறை தீர்ந்துவிடாது என்பதற்கு இது சான்று.

குஜராத்தில் 1973ஆம் ஆண்டு டிசம்பரில் அகமதாபாத்திலுள்ள எல்.டி. பொறியியல் கல்லூரி விடுதியில் உணவுக் கட்டணம் உயர்த்தப்பட்டதே ஒரு பேரியக்கத்தின் தொடக்கமாயிற்று. விலைவாசி உயர்வாலும் ஊழலாலும் மனம் வெதும்பியிருந்த பொதுமக்களும் அதில் சேர்ந்தனர். 'நவநிர்மாண்' என அழைக்கப்பெற்ற அவ்வியக்கத்தின் விளைவாக 1974 பிப்ரவரியில் முதலமைச்சர் பதவி விலகினார். மார்ச்சில் சட்டப்பேரவை கலைக்கப்பட்டது. ஆயின், அவ்விடைக்காலத்தில் பலர் உயிரிழந்தனர். பொதுச் சொத்துகள் பெருமளவில் அழிந்தன.

அதே ஆண்டில் பீகார் தந்த பாடம் இன்னும் தெளிவானது. 1974 மார்ச் 18 அன்று பாட்னாவில் மாணவர் போராட்டத்தின்போது மூண்ட கலவரத்தில் ஒரு நாளிதழ் அலுவலகமும் தீக்கிரையாயிற்று. வன்முறையை விலக்க வேண்டும் என்று வற்புறுத்தி இயக்கத்தின் தலைமையை ஏற்ற ஜெயப்பிரகாஷ் நாராயண், ஏப்ரல் 8 அன்று அதே நகரில் மௌன ஊர்வலம் ஒன்றை நடத்தினார். மூன்று வாரங்களுக்குள் ஒரே நகரம் கிளர்ச்சியின் இரு வடிவங்களையும் கண்டது. மாணவர் கூட்டம் இயல்பிலேயே வன்முறையுடையது என்ற கூற்று இதனால் வலுவிழக்கிறது. கூட்டத்துக்குத் தலைமையும் முன்கூட்டிய கட்டுப்பாடும் உண்டா என்பதே வினா.

இந்நிகழ்ச்சிகள் அனைத்துக்கும் பொதுவான ஓர் உண்மையையும் மறத்தலாகாது. வாக்குரிமைக்குரிய வயது 21ஆக இருந்த காலத்தில் இவை நிகழ்ந்தன. கல்லூரி மாணவருள் பெரும்பாலோர்க்கு அப்போது வாக்குரிமை இல்லை. அரசியலமைப்பின் 61ஆம் திருத்தத்தால் 1989 மார்ச்சு முதல் வாக்குரிமை வயது 18ஆகக் குறைக்கப்பட்டது. எனவே, தம் குரலைக் கேட்கச் செய்யத் தெருவைத் தவிர வேறு வழியில்லை என்ற வாதம் 1953இல் பெற்றிருந்த வலிமையை இன்று பெற்றிருக்கவில்லை.

பேருந்து ஏன் இலக்காகிறது?

கிளர்ச்சிக்குக் காரணம் கட்டணமாயினும், மொழியாயினும், தேர்வாயினும், தாக்கப்படுவது பேருந்தாகவே இருப்பதற்குக் காரணங்கள் உண்டு. முதலாவதாக, அரசின் சின்னம் தாங்கிய பொருள்களுள் காவலின்றித் தெருவில் நிற்பது அதுவே. அரசு அலுவலகத்தைத் தேடிச் செல்ல வேண்டும். பேருந்தோ கூட்டம் கூடிய இடத்திற்கே வந்து சேருகிறது. இரண்டாவதாக, ஒரு பேருந்து நின்றால் சாலை நிற்கிறது. சாலை நின்றால் நகரம் கவனிக்கிறது. மூன்றாவதாக, அது யாருக்கும் சொந்தமானதன்று என்ற எண்ணம் நிலவுகிறது. பொதுச்சொத்து என்பதற்கு 'எல்லோர்க்கும் உரியது' என்று பொருள் கொள்ளாமல், 'எவர்க்கும் உரியதன்று' எனப் பொருள் கொள்வதன் விளைவு இது.

பேருந்தின் மீது எழுதப்பட்ட பெயர்கூடப் பூசலுக்குக் காரணமாதல் உண்டு. தமிழ்நாட்டில் போக்குவரத்துக் கழகங்கள் மன்னர்கள், தலைவர்கள் பெயர்களால் வழங்கி வந்தன. 1997இல் அவ்வாறு சூட்டப்பட்ட ஒரு பெயரையொட்டித் தென்மாவட்டங்களில் சாதிக் கலவரம் மூண்டபின், எல்லாக் கழகங்களிலிருந்தும் அத்தகைய பெயர்கள் நீக்கப்பட்டன. பேருந்தை மக்கள் ஓர் ஊர்தியாக மட்டும் காண்பதில்லை என்பதற்கு இது போதிய சான்றாகும்.

இழப்பு யாருக்கு?

பேருந்தை எரிப்பதால் அரசுக்கு இழப்பு என்று கூறுவது பாதி உண்மையே. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, வேளாண்மையும் வீட்டுத்தொழிலும் அல்லாத பிற பணிகளில் இருந்தோருள் நூற்றுக்குச் சுமார் 11 பேர் வேலைக்குப் பேருந்தில் சென்றனர். கார், ஜீப், வேன் ஆகியவற்றில் சென்றோர் நூற்றுக்கு மூவரினும் குறைவு. பேருந்து நின்றால் வேறு ஊர்தியைத் தேடிக் கொள்ள இயலாதவர்களே அதில் செல்கின்றனர் என்பது தெளிவு.

ஒரு சிறு கணக்கால் இதனை விளக்கலாம். ஒரு நகரப் பேருந்து நாளொன்றுக்குப் பத்து நடைகள் செல்கிறது என்றும், நடைக்கு 60 பேர் ஏறுகின்றனர் என்றும் வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு 600 பயணங்கள் ஆகின்றன. எரிந்த வண்டிக்கு மாற்று வண்டி வர ஆறு மாதம் ஆகுமாயின், 180 நாளில் 1,08,000 பயணங்கள் பாதிக்கப்படுகின்றன. அவர்களுள் மூன்றில் ஒரு பங்கினர் மாணவர் எனில், மாணவரின் பயணங்கள் மட்டும் 36,000 ஆகும். அவர்கள் அடுத்த வண்டியில் நெருக்கியடித்து ஏறுகின்றனர், படிக்கட்டில் தொங்குகின்றனர், அல்லது முதல் வகுப்பு நேரத்தைத் தவறவிடுகின்றனர். மாணவர் நலனுக்காக எனச் சொல்லி மூட்டப்பட்ட தீ, மாணவர் அமர வேண்டிய இருக்கையையே முதலில் எரிக்கிறது.

பொருளிழப்பை ஈடுசெய்யலாம், உயிரிழப்பை ஈடுசெய்ய இயலாது. 2000ஆம் ஆண்டு பிப்ரவரி 2 அன்று, அரசியல் தலைவர் ஒருவருக்கு எதிராக வந்த தீர்ப்பைக் கண்டித்து நடந்த மறியலின்போது, தருமபுரி அருகே கல்விச் சுற்றுலா வந்த வேளாண்மைப் பல்கலைக்கழக மாணவியரின் பேருந்துக்குத் தீ வைக்கப்பட்டது. மாணவியர் மூவர் உயிரிழந்தனர். தீ வைத்தோர் மாணவரல்லர், மாண்டோர் மாணவியர். பேருந்தைக் கொளுத்துதல் ஒரு போராட்ட முறையாக ஒரு சமுதாயத்தில் பழகிவிட்டால், அதற்கு யார் இரையாவர் என்று எவரும் வரையறுத்துவிட இயலாது.

சலுகையின் மறுபக்கம்

இதுவரை கூறியவற்றால் குற்றம் முழுவதும் மாணவரையே சாரும் என முடிவு கட்டுவதும் பொருந்தாது. நாள்தோறும் பேருந்து நிறுத்தத்தில் நிகழ்வதையும் நோக்க வேண்டும். நாட்டின் பல மாநிலங்களில் மாணவர்க்குக் கட்டணச் சலுகையோ இலவசப் பயண அட்டையோ வழங்கப்படுகிறது. கிராமப்புறப் பிள்ளைகள், குறிப்பாகப் பெண்பிள்ளைகள், உயர்நிலைப் பள்ளியையும் கல்லூரியையும் எட்டுவதற்கு இச்சலுகை பெருந்துணை புரிகிறது. ஆயின், சலுகையின் செலவை யார் ஏற்பது என்ற வினா பெரும்பாலும் பேசப்படுவதில்லை.

ஒரு நடைக்கு ஆகும் செலவு 600 ரூபாய் எனவும், கட்டணம் ஆளுக்குப் பத்து ரூபாய் எனவும் கொள்வோம். 60 பேரும் முழுக்கட்டணம் செலுத்தினால் செலவும் வரவும் சரியாகும். அவர்களுள் 30 பேர் ஒரு ரூபாய் மட்டும் செலுத்தும் மாணவராயின் வரவு 330 ரூபாய். பற்றாக்குறை 270 ரூபாய். இத்தொகையை அரசு காலத்தில் ஈடுசெய்தால் போக்குவரத்துக் கழகத்துக்கு மாணவரும் மற்றப் பயணியரைப் போன்றவரே. ஈடுசெய்யத் தவறினால் ஏறும் மாணவர் ஒவ்வொருவரும் 'நட்டம்' ஆகின்றார். வசூலைக் காட்ட வேண்டிய பொறுப்பிலுள்ள நடத்துநர் விரைவில் விசில் ஊதுகிறார். ஓட்டுநர் வண்டியை நிறுத்தத்திற்குச் சற்றுத் தள்ளி நிறுத்துகிறார், அல்லது நிறுத்தாமலே செல்கிறார். ஓடிவந்து ஏற முயலும் மாணவர் கைப்பிடியைப் பற்றித் தொங்குகிறார். வாய்ச்சண்டை அங்கே தொடங்குகிறது. மறுநாள் அது கல்வீச்சாகிறது.

இச்சண்டையில் நேரெதிர் நிற்கும் இருவருமே குறைந்த வருவாயுடைய குடும்பங்களைச் சேர்ந்தவர்களாக இருத்தல் பெரும்பான்மை. சலுகையை அறிவித்து அதற்கான நிதியை ஒதுக்கத் தாமதித்தோர் அவ்விடத்தில் இருப்பதில்லை. விவாத மேடையில் நினைவில் கொள்ள வேண்டிய செய்தி இதுவாகும்.

நேரமும் ஒரு காரணமே. பள்ளி, கல்லூரி, அலுவலகம் ஆகிய மூன்றும் ஏறத்தாழ ஒரே வேளையில் தொடங்குகின்றன. காலை இரண்டு மணி நேரமும் மாலை இரண்டு மணி நேரமும் வண்டிகள் வழிந்து ஓடுகின்றன. நண்பகலில் பாதி இருக்கைகள் காலியாக உள்ளன. புதிய வண்டி வாங்காமலே, நேரத்தை மாற்றியமைப்பதால் மட்டும் ஓரளவு நெரிசலைக் குறைக்க இயலும்.

கிளர்ச்சி சாராத வன்முறை

கோரிக்கை ஏதுமின்றி நிகழும் வன்முறையும் உண்டு. சென்னையில் கல்லூரி மாணவர் சிலர் தாம் செல்லும் வழித்தடத்தையே தமது எல்லையாகக் கருதுவதும், அதற்கு ஒரு தலைவரை ஏற்படுத்திக் கொள்வதும், பிற கல்லூரி மாணவரோடு மோதுவதும் பல ஆண்டுகளாகக் காணப்பட்டவை. நாள்தோறும் தம்மை ஏற்றிச் செல்லும் ஓட்டுநர், நடத்துநரைப் பாராட்டுவதற்கென வழங்கி வந்த 'பேருந்து தினம்' நாளடைவில் கூரை மீதேறி ஆடும் கூத்தாக மாறியது. நீதிமன்றமும் காவல்துறையும் அதனைத் தடைசெய்தன. அதன் பின்னரும் 2019 ஜூனில் பேருந்தின் கூரையிலிருந்து மாணவர்கள் சாலையில் விழுந்தனர்.

இதனை வறுமையாலோ கட்டணத்தாலோ விளக்க முடியாது. வகுப்பறையிலும் கல்லூரி மன்றத்திலும் பெருமை தேட வாய்ப்பில்லாத இளைஞர், வழித்தடத்தில் அதனைத் தேடுகின்றனர் என்பதே பொருத்தமான விளக்கம். முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்த மாணவர், வழக்கொன்றில் சிக்கிப் படிப்பை இழக்கும்போது இழப்பு அக்குடும்பத்தின் ஒரு தலைமுறை உழைப்பாகும். ஆகவே, கோரிக்கையுடைய கிளர்ச்சியையும் கோரிக்கையற்ற மோதலையும் ஒரே சொல்லால் 'மாணவர் வன்முறை' எனச் சுட்டுவது ஆய்வுக்கு இடையூறாகும். நோய் வேறாயின் மருந்தும் வேறாக வேண்டும்.

சட்டம் செல்லும் தொலைவு

பொதுச்சொத்துச் சேதத் தடுப்புச் சட்டம் 1984இல் நாடாளுமன்றத்தால் இயற்றப்பட்டது. பொதுச்சொத்துக்குச் சேதம் விளைவிப்போர்க்கு ஐந்தாண்டு வரை சிறைத்தண்டனை விதிக்க அது வழி செய்கிறது. தீயாலோ வெடிபொருளாலோ சேதம் விளைவித்தால் தண்டனை பத்தாண்டு வரை நீளும். பொதுவாக ஓராண்டுக்குக் குறையாது. தமிழ்நாட்டில் இதற்கென 1992இல் தனிச் சட்டமும் இயற்றப்பட்டது. நீதியரசர் கே.டி. தாமஸ், சட்ட வல்லுநர் எஃப்.எஸ். நாரிமன் ஆகியோர் தலைமையில் அமைந்த குழுக்களின் பரிந்துரைகளை ஏற்று, உச்ச நீதிமன்றம் 2009இல் நெறிமுறைகளை வகுத்தது. சேதத்துக்கான பொறுப்பு போராட்டத்தை ஏற்பாடு செய்தோரையும் சாரலாம் என்பதும், நிகழ்ச்சிகளைப் படம்பிடித்தல் வேண்டும் என்பதும் அவற்றுள் அடங்கும்.

கூட்டத்தில் கல்லெறிந்தவர் இன்னார் என்று மெய்ப்பிப்பது எளிதன்று. உண்மையாக எறிந்தவர் தப்பிவிட, அருகில் நின்றவர் அகப்படுதலும் உண்டு. ஆகவே, தண்டனை தேவையாயினும், அது மட்டுமே தீர்வாகாது. மாணவர் மன்றத் தேர்தல்களை ஒழுங்குபடுத்த லிங்டோ குழு அளித்த பரிந்துரைகளைச் செயற்படுத்துமாறு 2006இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டதும் இங்கே நினைக்கத்தக்கது. செலவு வரம்பு, வயது வரம்பு, வருகைப் பதிவு ஆகிய கட்டுப்பாடுகளோடு தேர்தல் நடைபெறலாம் என்பது அதன் சாரம். முறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதி இல்லாத இடத்தில், உரத்துக் கூவுபவரே பிரதிநிதியாகி விடுகிறார்.

விவாதிக்கும் முறை

இப்பொருள் பற்றி மாணவர் மன்றங்களில் விவாதம் நடத்துவோர் சில நெறிகளைக் கைக்கொள்ளலாம். முதலாவது, காரணம் கூறுதல் வேறு, நியாயம் கற்பித்தல் வேறு என்பதை இரு தரப்பாரும் ஏற்க வேண்டும். பேருந்து ஏன் தாக்கப்பட்டது என்று விளக்குபவர் தாக்குதலை ஆதரிப்பவராகிவிட மாட்டார். தாக்குதலைக் கண்டிப்பவரும் குறைகளை மறுப்பவராகிவிட மாட்டார்.

இரண்டாவது, தலைப்பு தீர்மானிக்கத்தக்க வடிவில் அமைதல் வேண்டும். "மாணவர் வன்முறை தவறா?" என்ற தலைப்பில் எதிர்த்துப் பேச யாரும் இரார். "சலுகைக் கட்டணத்தின் முழுச் செலவையும் அரசே ஏற்க வேண்டும்", "சேதத்துக்கான ஈட்டுத்தொகையைப் போராட்டம் நடத்திய அமைப்பிடம் பெற வேண்டும்", "கட்டண உயர்வுக்கு முன் பயணிகளின் கருத்தைப் பொதுவில் கேட்டல் வேண்டும்" என்பன போன்ற தலைப்புகளில் இரு பக்கமும் நேர்மையாக வாதாட இடமுண்டு.

மூன்றாவது, பேச்சாளர் தமக்கு ஒதுக்கப்பட்ட தரப்பின் எதிர்ப்பக்கத்தையும் ஒருமுறை பேசிப் பழகுதல் நன்று. நடத்துநர் தரப்பில் நின்று ஐந்து நிமிடம் பேசிய மாணவர், மறுநாள் பேருந்தில் அவரை வேறு கண்ணோடு காண்பார். நான்காவது, கூறப்படும் எண் எதுவாயினும் அதன் மூலத்தைக் கேட்டல் வேண்டும்.

செய்யத்தக்கவை

மேற்கண்ட ஆய்விலிருந்து சில நடைமுறைகள் தாமே பெறப்படுகின்றன. கட்டணம் மாற்றப்படுவதற்கு முன், போதிய கால இடைவெளியுடன் காரணங்களும் கணக்கும் வெளியிடப்பட வேண்டும். சலுகைகளுக்கான தொகை வரவு செலவுத் திட்டத்தில் தனித்தலைப்பில் ஒதுக்கப்பட்டு, காலத்தில் கழகங்களைச் சென்றடைய வேண்டும். டெல்லியில் 2019இலும், தமிழ்நாட்டில் 2021இலும், கர்நாடகத்திலும் தெலங்கானாவிலும் 2023இலும் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் தொடங்கப்பட்ட பின் இக்கணக்கின் முக்கியத்துவம் மேலும் கூடியுள்ளது. சலுகை பெற்றோர் ஏற வண்டி இல்லையெனில் சலுகையால் பயனில்லை. ஆகவே வண்டிகளின் எண்ணிக்கையும் சலுகையோடு சேர்ந்தே வளர வேண்டும்.

ஒவ்வொரு பணிமனையிலும் அருகிலுள்ள கல்லூரிகளின் மாணவப் பிரதிநிதிகளும், ஓட்டுநர் நடத்துநர் பிரதிநிதிகளும், கிளை மேலாளரும் மாதமொருமுறை கூடிப் பேசுவதற்குப் பெருஞ்செலவு ஏதும் ஆகாது. எந்த நிறுத்தத்தில் எந்த வண்டி நிற்பதில்லை என்பது அக்கூட்டத்தில் பதிவாகுமாயின், அது தெருவில் கல்லாக மாற வேண்டிய தேவை குறையும். கல்வி நிலையங்கள் தம் தொடக்க நேரத்தை அரைமணி முன்பின் மாற்றி நெரிசலைக் குறைக்கலாம். 2006ஆம் ஆண்டின் தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை, வண்டிகளை விட மனிதர்களின் போக்குவரத்துக்கே சாலைகளில் முதலிடம் அளித்தல் வேண்டும் என்று வகுத்தது. ஐம்பது பேரைத் தாங்கிய பேருந்துக்கு ஒருவரைத் தாங்கிய காருக்கு முன் வழிவிடுவதே அதன் நடைமுறைப் பொருள்.

மாணவர்க்கும் கடமை உண்டு. தம் சார்பில் நடைபெறும் போராட்டத்தில் பேருந்தின் மீது கல்லெறிய விடுவதில்லை என்ற உறுதியை ஒவ்வொரு மாணவர் மன்றமும் தன் விதிகளில் எழுதி வைத்தல் வேண்டும். கட்டணத்தை எதிர்க்கலாம், ஊர்வலம் நடத்தலாம், நீதிமன்றத்தை நாடலாம், தேர்தலில் வாக்களிக்கலாம். இவ்வழிகள் அனைத்தும் இன்று பதினெட்டு வயதான மாணவர்க்குத் திறந்தேயுள்ளன. பயணியின் குறையைக் கேட்கும் செவி அரசிடமும், அதனை ஒழுங்குடன் எடுத்துரைக்கும் ஆற்றல் மாணவரிடமும் ஒருங்கே வளருமாயின், வண்டிகள் நேரத்தில் ஓடும். வகுப்புகளும் நேரத்தில் தொடங்கும்.